அக்காவின் எழுத்தும் சுரங்கச் சேறும்

வீட்டில் ஒரு எஞ்சினியர் இருந்தால் எவ்வளவு பிரயோசனம் என்று யாராவது சொல்லக் கேட்டால், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் கக்கூஸைக் காட்ட வேண்டும் போல் இருக்கும். இப்போது இருப்பது புதிது. பழையது என் படிப்புக்குப் பலியாகிவிட்டது.

நான் படித்தது சுரங்கப் பொறியியல். (“பொம்பிளைப் பிள்ளைக்கு வேற பாடமே கிடைக்கேல்லையோ?” என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. கனடாவில் இருப்பவர்கள் வீடியோ கோல் எடுத்தே கேட்டார்கள்.) படித்து முடித்ததும் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே என் தலையில் கட்டிய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது.

பென்சிலுக்குள் இருக்கிறதே காரீயம், அதை நிலத்துக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். கல்லை மாவாக அரைத்துக் காரீயத்தைப் பிரித்த பிறகு, மிச்சமாக ஒரு கருஞ்சாம்பல் நிறச் சேறு வரும். அதை வெளியே குவித்து வைத்தால் மழைக்குக் கரைந்து பக்கத்து வயலுக்குள் போகும். கீழே தோண்டிய இடமோ பெரிய பொந்தாகக் கிடக்கும், சும்மா விட்டால் ஒருநாள் இடிந்து விழும். ஆகவே அந்தச் சேற்றுடனேயே கொஞ்சம் சீமெந்தைக் கலந்து, குழாய் வழியாகத் திரும்பக் கீழே அனுப்பி, பொந்தை நிரப்பி, அங்கேயே கல்லாக இறுக விடுவது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நேர்முகப் பரீட்சையில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரேயொரு குறைதான். நான் கலந்த சேறு இறுகவில்லை.

வட்டமான சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றி வைப்பேன். நாட்கணக்காகக் காத்திருந்து அச்சைக் கழற்றினால், மேசையில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் மாதிரி ஆடிக்கொண்டு நிற்கும். சில அந்த அளவுக்குக்கூட நிற்காமல் அப்படியே படுத்துவிடும். எங்கள் பொஸ் ஒருநாள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதைக் கீழ அனுப்பினா சுரங்கத்தில வேலை செய்யிற ஆக்கள் குடிச்சிடுவினம், தாரணி” என்றார். பகிடி என்றுதான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை சுரங்கக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு ஒரு மாதிரியாவது கல்லாக நிற்காவிட்டால் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்றும் சொன்னார். அதோடு ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டு லீவில் போய்விட்டார்.

நான் விடுவேனா? அவர் பூட்டுவதற்குள்ளேயே சேற்றுச் சாக்கையும் அச்சுகளையும் ஒரு ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் அக்காவின் எழுத்து. அதை மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். நினைவிருந்தது. இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன், அதுதான் என் வியாதி.

எழுத்து என்பது எங்கள் ஆட்களிடம் கலியாணத்துக்கு முன்னால் வருவது. பதிவுகாரர் வீட்டுக்கு வந்து, பொம்பிளையும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைத்தார்கள் என்றால் சட்டப்படி புருஷன் பெண்சாதி. தாலியும் மேளமும் ஹோலும் பிறகு ஆறுதலாக வரும். சுபா அக்காவின் விஷயத்தில் அந்தப் ‘பிறகு’ வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. மாப்பிள்ளை அன்ரன், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். அக்காவோடு ஒரே கந்தோரில் வேலை. அப்பாவைச் சம்மதிக்க வைக்க அக்கா பட்ட பாட்டில் ஒரு தொடர்மாடியே கட்டி முடித்திருக்கலாம். அப்பா கடைசியில் இறங்கி வந்தபோது கலியாணம் கோயிலில்தான் என்றார். அன்ரனின் அம்மா மெற்றில்டா அன்ரியும் கோயிலில்தான் என்றார். இருவர் சொன்னதும் வேறு வேறு கோயில். சரி, அதைப் பிறகு பார்ப்போம், முதலில் எழுத்தை முடிப்போம் என்று அக்காவும் அன்ரனும் எல்லோரையும் அமுக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டு பக்கமும் வாய் திறந்து சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பக்கமும் மரியாதையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “அவையள் எங்கட வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லிக்கொண்டு படியிறங்கக் கூடாது” என்று அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “மனசார வரவேற்கிறாங்களா, சாட்டுக்குக் கூப்பிடுறாங்களா எண்டு போய்ப் பாப்பம். சாட்டுக்கு எண்டா எழும்பி வந்துருவேன்” என்று அன்ரி அங்கே அன்ரனுக்குச் சொல்லியிருந்தார். அக்கா இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு ஒண்டும் பிழையாப் போகக் கூடாது, தாரணி. ஒண்டும்” என்றாள்.

“நான் இருக்கிறன்தானே” என்றேன். (இந்த வசனத்தை அக்கா இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.)

சனிக்கிழமை பின்னேரம் அம்மாவும் அப்பாவும் அக்காவும் பூ வாங்கவும் தைக்கக் கொடுத்த பிளவுஸை எடுக்கவும் போனார்கள். நான் பாத்ரூமுக்குள் நுழைந்தேன். கீழே காவல் நிற்கும் வோச்சரிடம் கேட்டு வாங்கிய சீமெந்தைக் கொட்டி, குளிக்கிற வாளியில் சேற்றைக் குழைத்தேன். வழக்கமாக அளந்து அளந்துதான் சீமெந்து போடுவேன். அன்று வந்த ஆத்திரத்தில், இந்தா பிடி, இந்தா பிடி என்று கைநிறைய அள்ளிப் போட்டேன். அச்சுகளை நிரப்பி பல்கனியில் வரிசையாக அடுக்கினேன். அச்சுகள் முடிந்துவிட்டன, சேறு முடியவில்லை. பெரிய வாளியில் பாதிக்கு மேல் மிச்சம்.

இதை என்ன செய்வது? இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த எஞ்சினியர் யோசித்தார். இத்தனை காலம் ஆய்வுகூடத்தில் கெஞ்சியும் இறுகாத சேறு, எங்கள் வீட்டுக் குழாய்க்குள் போயா இறுகப்போகிறது? பாரபட்சம் காட்டாமல் ஒரு பாதியைக் கக்கூஸுக்குள்ளும், மறுபாதியைக் குளிக்கிற தண்ணீர் போகும் துவாரத்துக்குள்ளும் ஊற்றினேன். கரண்டி, தட்டு, மிச்ச அச்சுகள் எல்லாவற்றையும் குசினித் தொட்டியில் கழுவினேன். தண்ணீரை இழுத்து விட்டேன். எல்லாம் மளமளவென்று போனது. நிலத்தைத் துடைத்து, சாம்பிராணிகூடப் போட்டு வைத்தேன். திரும்பி வந்த அம்மா, பாத்ரூம் என்றைக்கும் இல்லாத துப்புரவாக இருக்கிறதே என்று என்னை மெச்சினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாவதாகக் குளிக்கப் போனவள் அக்கா. பொம்பிளையல்லவா, முதல் மரியாதை.

“தாரணீ!”

அந்தக் கத்தலுக்கு மேல்மாடியில் பரீதா மாமி வீட்டுக் கிளியும் சேர்ந்து கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் ஒரு சொட்டும் இறங்கவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாகக் கக்கூஸில் தண்ணீரை இழுத்துப் பார்த்தேன். அது கீழே போவதற்குப் பதிலாக எங்களை நோக்கி ஏறி வந்தது. அக்கா காலை வெளியே எடுத்தாள். காரீயம் இலேசில் கழுவுப்படாது. அதில் எண்ணெய்ப் பிடிப்பு மாதிரி ஒரு மினுக்கமும் உண்டு. பொம்பிளைக்கு இரண்டு பாதமும் வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

அப்பா வந்து நின்றார். “என்னத்தையடி ஊத்தினனீ?”

“சேறுதான் அப்பா. கொஞ்சம் சீமெந்தோட.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். “என்ர கக்கூஸுக்குள்ள கொங்கிறீட் போட்டிருக்கிறாய்.”

“கொங்கிறீட் எண்டால் கல் சேர்ந்திருக்கோணும் அப்பா. இதில கல் இல்லை” என்றேன். அந்த நேரத்தில் அதை ஏன் திருத்தினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பா என்னை அடித்ததில்லை. அன்று கையை ஓங்கி, எழுத்து நாள் என்று நினைத்து இறக்கினார்.

குசினித் தொட்டியும் அடைத்திருந்தது. பிளம்பருக்குப் போன் போட்டோம். அவர் களுத்துறையில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார். பின்னேரம்தான் வரலாம் என்று சிங்களத்தில் சொல்லி, என்ன அடைத்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். “ஏன் மிஸ்?” என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் உதித்தது. சீனி! சீமெந்தில் சீனி பட்டால் அது இறுகாது. இது பொய்யில்லை, கட்டட வேலை தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். அம்மா அறைக்குள் அக்காவுக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் புகுந்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போடவும் பாயாசம் காய்ச்சவும் வாங்கி வைத்திருந்த சீனி முழுவதையும் சுடுதண்ணீரில் கரைத்து, இரண்டு துவாரத்துக்குள்ளும் ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான் மிச்சம் நினைவுக்கு வந்தது. இறுகுவதற்கு முன்னால் போட்டால்தான் சீனி வேலை செய்யும். இறுகிய பிறகு போட்டால் அது வெறும் சீனித்தண்ணீர். பாத்ரூம் முழுக்கப் பாகு மாதிரிக் கறுப்புப் பாணி. சற்று நேரத்தில் வெள்ளவத்தையில் உள்ள எறும்பெல்லாம் எழுத்துக்கு வரத் தொடங்கிவிட்டன.

“சீனி எங்கயடி?” அம்மா குசினியில் நின்று கேட்டார்.

“குழாய்க்குள்ள அம்மா.”

அம்மா என்னையே பார்த்தார். அகப்பையைக் கீழே வைத்தார். எனக்கு வயிறு கலங்கியது. (அந்த வீட்டில் அன்று வயிறு கலங்குவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும்.)

கடைக்கு ஓடிச் சீனி வாங்கி வருகிறேன் என்று செருப்பைப் போட்டேன். அப்பா மறித்தார். “சீனியும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். ஒருத்தருக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. குடிச்சால் போகோணும். போகோணும் எண்டால் எங்க போறது? இந்த விஷயம் அவையளுக்குத் தெரிய வந்துது, பிறகு என்ர முகத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்றார். மேல்மாடியில் கேட்டுப் பார்ப்போம் என்ற அம்மாவையும், அக்கம்பக்கம் அறியவும் கூடாது என்று அடக்கினார். கக்கூஸ் இல்லாத வீட்டில் எழுத்து வைத்தார்கள் என்ற பெயர் வராமல் இருக்க, தேத்தண்ணி கொடுக்காத வீடு என்ற பெயரை எடுக்கத் தயாரானார். என் மூளை யாரிடமிருந்து வந்தது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. பாத்ரூம் கதவைப் பூட்டி, அதன் மேல் ஒரு பட்டுச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டு, கதவோடு ஒட்டி ஒரு கதிரையைப் போட்டு, அப்பா அதில் உட்கார்ந்துகொண்டார். கதவைக் காக்க வேறு யாரையும் நம்ப அவர் தயாரில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வேன் வந்து நின்றது. காலி வீதி நெரிசலில் நன்றாக மாட்டுப்பட்டுத்தான் வந்திருந்தார்கள். மெற்றில்டா அன்ரி நீலப் பட்டுச் சேலையில், கொண்டையில் பூவோடு, விறைப்பாக உள்ளே வந்தார். பின்னால் அன்ரன். அவருக்குப் பின்னால் மாமன்மார், சித்திமார். அம்மாவும் நானும் வாசலில் பன்னீர் தெளித்து, “வாங்கோ, வாங்கோ” என்றோம். அப்பா இருந்த இடத்திலிருந்து கையை மட்டும் கூப்பினார். எழும்பவில்லை. சம்பந்தி வந்து எதிரே நிற்கிறார், பொம்பிளையின் தகப்பன் கதிரையை விட்டு அசையவில்லை. அன்ரியின் முகம் அப்போதே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்ரி ஒரு கதிரையின் நுனியில் நேராக உட்கார்ந்தார். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டார். கைப்பையை மடியில் அமுக்கிப் பிடித்தார். ஒருதரம் அறையைச் சுற்றிப் பார்த்தார். சாய்ந்து உட்காரச் சொன்னோம், “பரவாயில்ல” என்றார். எங்களைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவுகட்டினேன்.

பலகாரத் தட்டுகள் வந்தன. முறுக்கு, பயற்றம் பணியாரம், சீப்புப் பணியாரம், கேக். எல்லாம் ஒன்றையொன்று மிஞ்சிய உலர் பலகாரம். பயற்றம் பணியாரத்தைத் தண்ணீர் இல்லாமல் தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மா நேரே தொண்டையில் போய்க் குந்திக்கொள்ளும். அன்ரனின் மாமா ஒருவர் இருமத் தொடங்கினார். இருமி இருமிக் கண் சிவந்து, “கொஞ்சம் தண்ணி…” என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

“இப்ப தண்ணி குடிக்கிறது அவ்வளவு நல்லதில்லை” என்றார் அப்பா கதிரையில் இருந்தபடியே. “எல்லா இடமும் தண்ணியால வயித்து வருத்தமாம்.”

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. சாமியறையிலிருந்த சின்னச் செம்பில் ஒரு மிடறு கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் தீர்த்தம் குடிப்பது போல் குடித்துவிட்டு, செம்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

பதிவுகாரர் பம்பலப்பிட்டியில் நெரிசலில் நிற்பதாகப் போன் வந்தது. காற்றாடி சுற்றியது. எறும்புகள் திரைச்சேலைக்குக் கீழால் வரிசையாக ஹோலுக்குள் வந்தன. அப்பா கதிரையில் இருந்தபடியே காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அவர் எரிச்சலில் காலை ஆட்டுவது போல் இருந்தது. சித்திமார் குசுகுசுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது. “ஒரு தேத்தண்ணி இல்ல.” “அந்த மனுசன் எழும்பவே இல்ல பாத்தியா.” “வேதக்காரர் எண்டுதான் இப்படி.” அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் குனிந்து தன்னுடைய வெள்ளிப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மையிட்ட கண் நிறைந்து, ஒரு சொட்டுச் சேலையில் விழுந்தது. அன்ரன் அவளைப் பார்ப்பதும் தாயைப் பார்ப்பதுமாக இருந்தார்.

திடீரென்று மெற்றில்டா அன்ரி எழுந்தார்.

“அன்ரன், எழும்பு. போவோம்.”

“அம்மா…”

“எங்கள மதிக்காத வீட்டுல நீ கையெழுத்து வைக்கத் தேவையில்ல. எழும்பு. வேனை எடுக்கச் சொல்லு, கெதியா.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் எழும்பவில்லை. எழும்பினால் கதவு! அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. ‘நான் இருக்கிறன்தானே’ என்று சொன்னவளைத் தேடுகிற பார்வை அது.

“அன்ரி, ஒரு நிமிஷம்!” என்று நடு ஹோலில் போய் நின்றேன்.

பதற்றத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சுரங்கக்காரர்களுக்குச் சொல்வதற்குப் பாடமாக்கி வைத்திருந்த பேச்சு மட்டும்தான் வந்தது. “அன்ரி, இலங்கையின் காரீயம் உலகப் புகழ் பெற்றது” என்று தொடங்கினேன். சத்தியமாக அப்படித்தான் தொடங்கினேன். கல்லை அரைப்பதைச் சொன்னேன், சேறு மிஞ்சுவதைச் சொன்னேன், அதனால் வயல்கள் கெடுவதைச் சொன்னேன், பொந்துகள் இடிவதைக் கையால் செய்து காட்டினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து எழுத்துக்கு வந்தவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருமிய மாமா இருமுவதை நிறுத்திவிட்டார். “…ஆகவே அந்தச் சேற்றையும் சீமெந்தையும் கலந்து, மிச்சத்தை நான் நேற்று எங்கட கக்கூஸுக்குள்ள ஊத்திப்போட்டன். அது இறுகிட்டுது. பாத்ரூமும் இறுகிட்டுது. குசினியும். அப்பா அந்தக் கதவைத்தான் மறைச்சுக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணி தராதது அதாலதான். சீனியும் குழாய்க்குள்ள. உங்களை மதிக்காமல் இல்லை அன்ரி. எங்கட வீட்டில கக்கூஸ் இல்லை.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மெற்றில்டா அன்ரி அப்படியே நின்றார். “அப்ப… பாத்ரூமே இல்லையா?” என்றார். அவருடைய குரல் உடைந்தது.

“இல்லை அன்ரி.”

அன்ரி மெதுவாகத் திரும்ப அந்தக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் கைப்பையை அமுக்கிக்கொண்டு, “நான் கொட்டாஞ்சேனையில வேன் ஏறினதிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கேன் புள்ள” என்றார். “பொம்பள வீட்டுக்கு முதமுத வந்து, கால் வச்சதும் கக்கூஸ் எங்க எண்டு கேக்கிறதா? மரியாதையில்லாத ஆக்கள் எண்டு நினைச்சிருவீங்களே. தேத்தண்ணி தந்தா, கை கழுவுற சாட்டுல கேப்பம் எண்டு இருந்தேன். தேத்தண்ணியும் வரல்ல. எனக்கு வேற வழியில்ல. ஒண்டு கோவிச்சுக்கொண்டு போகணும், இல்ல இங்கயே மானம் போகணும்.”

முதலில் சிரித்தது அம்மா. அம்மா சிரித்தால் சத்தம் வராது, உடம்பு மட்டும் குலுங்கும். அன்ரியின் கையைப் பிடித்து எழுப்பி, “வாங்கோ, மேல வாங்கோ” என்று சொல்லி, சிரித்துக்கொண்டே படியில் ஏற்றினார். அன்ரியோ, “சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க” என்று கெஞ்சிக்கொண்டே ஏறினார். மேல்மாடியில் பரீதா மாமி கதவைத் திறந்து, விஷயத்தைப் பாதி கேட்கும்போதே, “இதெல்லாம் கேட்டுட்டு வார விஷயமா? உள்ளுக்கு வாங்க. நம்மட ஊட்டுல ரெண்டு பாத்ரூம் ஈக்கி, எல்லாரையும் வரச் சொல்லுங்க” என்றார்.

எல்லோரையும் என்று சொன்னதுதான் தாமதம். கொட்டாஞ்சேனைக் குடும்பம் முழுவதும் எழுந்தது. எங்கள் பக்கத்து ஆட்களும் காலையிலிருந்து அதே நிலைமைதான். எங்கள் வாசலிலிருந்து பரீதா மாமி வாசல் வரை படிக்கட்டில் பட்டுச் சேலையும் வேட்டியும் கோட்டுமாக வரிசை நின்றது. பரீதா மாமி தன் வீட்டுச் சீனியைப் போட்டு, பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றி அனுப்பினார். உள்ளே போகக் காத்திருந்தவர்கள் ஒரு கப்பையும், போய்விட்டு வந்தவர்கள் நிம்மதியாக இரண்டு கப்பையும் குடித்தார்கள்.

பதிவுகாரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். “எழுத்து எங்க?” என்று கேட்டார். சிரிக்கிற சிரிப்பில் யாருக்கும் அது கேட்கவில்லை. பாவம் மனிதர், வரிசையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சாட்சிகளா என்று நினைத்தோ என்னவோ, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றுவிட்டார். மெல்ல மெல்ல நகர்ந்து முன்னால் வந்த பிறகுதான் எதிரே இருந்தது குளியலறைக் கதவு என்று கண்டார். சற்று யோசித்துவிட்டு, வந்ததற்கு அதையும் முடித்துக்கொண்டுதான் கீழே வந்தார்.

எழுத்து நல்லபடி நடந்தது. சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோதுதான் அப்பா கதிரையை விட்டு எழும்பினார். வேட்டியெல்லாம் எறும்பு. மெற்றில்டா அன்ரி குனிந்து தன் கைலேஞ்சியால் அதைத் தட்டிவிட்டு, “எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், “நீங்களும் கேட்டிருக்கலாம்தானே” என்றார். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம் பேசியது. எந்தக் கோயில் என்ற பெரிய கேள்வியை, படிக்கட்டு வரிசையில் நின்றபடியே அம்மாவும் அன்ரியும் தீர்த்துவிட்டிருந்தார்கள்: காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது. அப்பாவுக்கு முடிவை மட்டும் அறிவித்தார்கள்.

அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. கையெழுத்து வைத்து, மோதிரம் மாற்றி, படமெல்லாம் எடுத்து முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். “சாகிற வரைக்கும் உன்னை மன்னிக்க மாட்டன்” என்று காதுக்குள் சொல்லிவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன்.

பின்னேரம் பிளம்பர் வந்தார். கக்கூஸை உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. குளிக்கிற தண்ணீர் போகும் குழாயில் அடைபட்ட துண்டை அறுத்து என் கையில் தந்தார். பிளாஸ்டிக்கை நீளமாகக் கீறி உரித்தேன். உள்ளே வழுவழுவென்று, விரல் நகம் பதியாத சாம்பல் நிறக் கல். பல்கனிக்கு ஓடினேன். அங்கே அச்சுகளில் இருந்தது, அதே வாளியில் குழைத்த அதே சேறுதான், ஆனால் இன்னும் வட்டிலப்பம்.

விடை என் மூஞ்சிக்கு முன்னால் இருந்தது. என் அச்சுகளுக்கு அடிப்பக்கம் மூடி. தண்ணீர் போக வழியில்லாமல் சேற்றுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. குழாய்க்குள் தண்ணீர் கசிந்து இறங்கிப்போய், சேறு தனியே நெருங்கி இறுகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தத் துண்டை மேசையில் வைத்தேன். நசுக்குகிற இயந்திரத்தில் வைத்தார்கள், அது இலேசில் உடைந்து கொடுக்கவில்லை. பொஸ் என்னை முதல்முறையாக மனிதராகப் பார்த்தார். சுரங்கத்திலிருந்து வந்தவர் ஒருவர் உடைந்த துண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், “சவர்க்கார வாசம் வருதே, இதில என்ன சேர்த்தனீங்கள்?” என்று ஆர்வமாகக் கேட்டார். அது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்றேன். அதன் பிறகு எல்லா அச்சுக்கும் அடியில் துளை போட்டோம், சேறும் ஒழுங்காக இறுகத் தொடங்கியது. வேலையும் தப்பியது.

மெற்றில்டா அன்ரி இப்போது என்னை எங்கே கண்டாலும், பக்கத்தில் நிற்பவருக்கு, “இது மருமகள்ட தங்கச்சி. குழாய் அடைக்கிறதுக்குப் பட்டம் எடுத்த பிள்ள” என்று பெருமையாகவே அறிமுகப்படுத்துவார். என் உத்தியோகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கும் தெரியாததால் திருத்துவதில்லை.

போன வருஷம் என்னைப் பார்க்கக் கல்கிசையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய மனுஷியாக அன்ரி முன்னுக்கு நின்றார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றியதும், “இருங்க” என்று சொல்வதற்குப் பதிலாக, மாப்பிள்ளையின் தாயைக் கையில் பிடித்து நேரே பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார். புதுக் கக்கூஸில் தண்ணீரை இழுத்துக் காட்டினார். ஒரு வாளித் தண்ணீரைத் துவாரத்துக்குள் ஊற்றி, சுழித்துக்கொண்டு போய் முடியும் வரை காத்திருந்து, “பாத்தீங்களா, போகுது. இனிக் கூச்சப்படாம இருங்க” என்றார். அந்த அம்மா பயபக்தியோடு தலையாட்டினார். வெளியே வந்து, “இது என்ன முறை?” என்று மெல்லக் கேட்டார்.

நாங்கள் யாரும் வாய் திறக்க முன் அப்பா சொன்னார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்: “இது எங்கட முறை. எனக்கும் சம்பந்திக்கும் பொது.”

கலியாணம் முடிந்து கல்கிசைக்குப் போனேன். அண்மையில் என் மச்சாளைப் பொம்பிளை பார்க்க ஆட்கள் வந்தபோது, என் மாமியார் வாசலிலிருந்து நேரே அவர்களைப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாளி நிறையத் தண்ணீர் தயாராக இருந்தது. மருமகள், எஞ்சினியர், இந்த முறையைத் தொடக்கி வைத்தவள் என்ற உரிமையில் நான் வாளியைத் தூக்கக் கை நீட்டினேன்.

“நீ விடு பிள்ளை” என்று மாமியார் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எதற்குப் பட்டம் எடுத்தவள் என்று அன்ரி அவருக்கும் சொல்லிவிட்டிருக்கிறார்.